திடீர் வயிற்று வலிக்கு எந்தப் படம் முதலில்: எக்ஸ்ரேயா, அல்ட்ராசவுண்டா, சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

வயிற்று வலிக்கு எந்த ஸ்கேன் நல்லது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது மூன்று: வலி யாருக்கு, வயிற்றில் எந்தப் பக்கம், எத்தனை மணி நேரமாக? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் படத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஈரோட்டுப் பக்கம் ஓர் அவசரப் பிரிவில் ராத்திரி டூட்டி பார்க்கும் எனக்குக் காதில் விழுவதோ வேறு. "ஏனுங் டாக்டர், காசு போனாப் போகுதுங், அந்தப் பெரிய ஸ்கேனே எடுத்துருங்" என்பார் ஒருவர். இன்னொருவர், "வெறும் வாயுங், ஒரு ஊசி போட்டு உடுங், பொழுது விடிஞ்சு பாத்துக்கலாமுங்" என்பார். முதலாமவர் பெரும்பாலும் இருபது வயதுப் பையனைக் கூட்டி வந்த அப்பா. இரண்டாமவர் எழுபது வயதில் வலியோடு வந்திருக்கும் பெரியவரே. இது அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும். பையனுக்குச் சின்ன ஸ்கேனில் தொடங்கலாம். பெரியவருக்குத்தான் பெரிய ஸ்கேன் சீக்கிரம் வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கையில் இருப்பவை நான்கு: எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சி.டி., எம்.ஆர்.ஐ. இவற்றில் சி.டி. பெரியது, அல்ட்ராசவுண்ட் சின்னது என்று ஊரில் போடும் வரிசை விலையை வைத்து வந்தது. பித்தப்பைக் கல்லைப் பார்ப்பதில் அல்ட்ராசவுண்டை சி.டி.யால் மிஞ்ச முடியாது. கொலஸ்ட்ரால் கற்களில் பல, சி.டி.யில் சுற்றியிருக்கும் பித்தநீரோடு ஒரே நிறமாகிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதே கல் அல்ட்ராசவுண்டில் வெள்ளையாக மின்னும், அதற்குப் பின்னால் கறுப்பாக நிழல் விழும். குறைந்த காசில் முடியும் படம், பல ஆயிரம் ரூபாய்ப் படத்தைத் தாண்டி நிற்கும் இடம் அது. ஆனால் குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கும்போது அல்ட்ராசவுண்டை நம்பி உட்கார்ந்திருந்தால் உயிருக்கே உலை வைத்துவிடும்.

படத்துக்கு முன்னால்

எந்தப் படத்துக்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனைகள் மூன்று உண்டு. கால் மணி நேரத்தில் முடியும், செலவும் சொற்பம்.

நாற்பதைத் தாண்டியவருக்கு மேல் வயிற்றில் வலி என்றால் முதலில் ஈ.சி.ஜி. இதயத்தின் அடிப்பக்கத்தைத் தாக்கும் மாரடைப்பு சிலருக்கு நெஞ்சு வலியாகவே வராது. நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சலாக, குமட்டலாக, வேர்வையாக வரும். சர்க்கரை நோயாளிகளிடம் இதை இன்னும் அதிகம் எதிர்பார்க்க வேண்டும். அவரை வயிற்று ஸ்கேனுக்கு வரிசையில் உட்கார வைப்பது போன்ற ஆபத்து வேறில்லை. இரண்டாவது, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் சர்க்கரை அளவு. சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி ரத்தத்தில் அமிலம் கூடினால் கடும் வயிற்று வலியும் வாந்தியும் வரும், அறுவை செய்ய வேண்டிய வயிறு போலவே இருக்கும். இன்சுலினும் சலைனும் ஏற ஏற வலி அடங்கிவிடும்.

மூன்றாவது, குழந்தை பெறும் வயதில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. கல்யாணம் ஆனதா இல்லையா என்று பார்த்து இதைச் செய்வதும் விடுவதும் கூடாது. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தால் வயிற்றுக்குள் லிட்டர் கணக்கில் ரத்தம் சேரும். கூட வந்த அம்மாவும் சித்தியும் தயவுசெய்து ஐந்து நிமிஷம் வெளியே இருங்கள். அந்தப் பெண் தனியாக இருக்கும்போது சொல்லும் ஒரு வரி அவள் உயிரைக் காப்பாற்றும்.

பாம்புக்கடியும் வயிற்று வலியாக வரலாம். நம் தோட்டங்களில் சாளை வீட்டுத் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கட்டுவிரியன் ராத்திரியில் ஊரும் பாம்பு. கடித்தது தூக்கத்தில் தெரியாமலே போகலாம். பல் பட்ட இடம் வீங்காது, வலிக்காது. விடியக்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். எந்த ஸ்கேன் எடுத்தாலும் வயிறு சுத்தமாக இருக்கும். கண் இமை சொருகுகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் அறைப் பக்கம் போகாமல் விஷமுறிவு மருந்துக்கு ஓட வேண்டும்.

வீட்டில் செய்பவை பற்றியும் சொல்லியாக வேண்டும். குடலேத்தம் என்று எண்ணெய் தடவி வயிற்றை உருவி விடுவதும், விளக்கெண்ணெய் கொடுத்து வெளிக்குப் போக வைப்பதும் திடீரென்று வந்த கடும் வலிக்கு வேண்டவே வேண்டாம். உள்ளே சீழ் பிடித்த குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) இருந்தால் வெடிப்பதற்கு நாமே வழி பண்ணிக் கொடுத்ததாகும். வலி ஊசி போட்டால் ஸ்கேனில் நோய் மறைந்துவிடும் என்ற பயமும் தேவையில்லை. வலி குறைந்த பிறகுதான் நோயாளி அசையாமல் படுப்பார், படம் தெளிவாக வரும், சர்ஜன் வயிற்றில் கை வைக்கவும் விடுவார்.

எக்ஸ்ரே: ஒரே ஒரு பெரிய வேலை

1895இல் ரான்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரேக்கு வயிற்று வலியில் இன்றும் மிச்சமிருக்கும் பெரிய வேலை, வயிற்றுக்குள் காற்று கசிந்திருக்கிறதா என்று பார்ப்பது. மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியவருக்கு இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் வந்து, அது ஒருநாள் ஓட்டையாகும். கத்தியால் குத்திய மாதிரி, வந்த நிமிஷத்தையே சொல்லும் அளவுக்குத் திடீரென்று வலி வரும். வயிறு பலகையாக இறுகிவிடும்.

இந்தப் படத்தை எடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நோயாளியை முதலில் பத்து நிமிஷம் நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். ஓட்டை வழியாகக் கசிந்த காற்று அப்போதுதான் மேலே ஏறி, கல்லீரலுக்கும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்கும் நடுவில் போய்த் தங்கும். பிறகு எடுக்கும் நெஞ்சுப் படத்தில், வலது பக்கம் கல்லீரலின் வெள்ளைக்கு மேலே மெல்லிய கறுப்புப் பிறை ஒன்று தெரியும். இடது பக்கம் இரைப்பையில் எப்போதும் இருக்கிற காற்று குழப்பும். வலது பக்கத்தைத்தான் நம்ப வேண்டும். வந்தவரை அப்படியே படுக்க வைத்து அவசரமாக எடுத்தால் அந்தப் பிறை வராது. பிறை தெரிந்து வயிறும் இறுகியிருந்தால் பெரும்பாலும் வேறு படம் தேடாமல் அறுவை அரங்குக்கே போகலாம். தெரியவில்லை என்பதால் ஓட்டை இல்லை என்று ஆகிவிடாது. பத்தில் இரண்டு மூன்று பேருக்குக் காற்று குறைவாகக் கசிந்து எக்ஸ்ரேயில் பிடிபடாமல் போகும். சி.டி.யில் கடுகளவு காற்றும் தெரியும்.

குடலடைப்பிலும் எக்ஸ்ரே கொஞ்சம் உதவும். படிப்படியாக நீர் மட்டங்கள் தெரியும். ஆனால் எங்கே அடைப்பு, ஏன் அடைப்பு, அடைபட்ட குடலுக்கு ரத்தம் போகிறதா என்ற கேள்விகளுக்கு சி.டி.தான் பதில் சொல்லும். இவை இரண்டும் தவிர, திடீர் வயிற்று வலிக்கு எக்ஸ்ரேயால் பெரிதாகப் பயனில்லை.

அல்ட்ராசவுண்ட்: கையைப் பொறுத்தது

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவருடைய குழுவும் 1958இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரைதான் வயிற்று அல்ட்ராசவுண்டின் தொடக்கம். வயிற்றில் புற்று முற்றிவிட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று கருதப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அது சினைப்பையில் வந்த பெரிய நீர்க்கட்டி என்று இந்த ஒலி அலை காட்டிக் கொடுத்தது. கட்டியை எடுத்தார்கள். இன்றும் பெண்களின் அடிவயிற்று வலியில் முதல் படம் இதுதான். கரு எங்கே தங்கியிருக்கிறது, சினைப்பை முறுக்கிக்கொண்டதா, நீர்க்கட்டி உடைந்ததா என்பதெல்லாம் கதிர்வீச்சே இல்லாமல் தெரிந்துவிடும். சினைப்பை முறுக்கலில் மட்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் ரத்தம் ஓடுவது தெரிந்தாலும் முறுக்கு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. வீங்கிப் பெருத்த சினைப்பையும் விட்டு விட்டு வரும் கடும் வலியும் சேர்ந்திருந்தால் மகப்பேறு சர்ஜன் உள்ளே பார்த்துத்தான் முடிவு செய்வார்.

அல்ட்ராசவுண்டின் பலம் படம் மட்டுமன்று. டாக்டர் ஜெல் தடவி, கையில் பிடிக்கும் ஸ்கேன் கருவியான ப்ரோபை வலது விலாவுக்குக் கீழே வைத்து, பித்தப்பை திரையில் சரியாகத் தெரியும் இடத்தில் அழுத்தி, மூச்சை இழுக்கச் சொல்வார். அந்த இடத்தில்தான் நோயாளி "ஐயோ" என்று மூச்சைப் பாதியில் நிறுத்துகிறார் என்றால், கல்லும் இருக்கிறது, வலிக்குக் காரணமும் அதுவே. சும்மா இருக்கும் கல்லும் வலிக்கும் கல்லும் இப்படித்தான் பிரியும். குடல்வாலிலும் அப்படியே. வலிக்கும் இடத்திலேயே ப்ரோபை வைத்து மெதுவாக அழுத்துவார்கள். நல்ல குடல் அழுத்தத்துக்குச் சப்பையாகி நகரும். வீங்கிய குடல்வால் சப்பையாகாது. 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, அழுத்தத்துக்கு அசையாமல் நிற்கும். வலியையும் படத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடிகிற கருவி இது ஒன்றுதான்.

பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. படம் கருவியில் பாதி, பார்ப்பவர் கையில் பாதி. ராத்திரி இரண்டு மணிக்கு அனுபவமுள்ள கை கிடைக்குமா என்பது ஊருக்கு ஊர் மாறும். குடல் முழுக்கக் காற்று இருந்தாலும், வயிற்றில் கொழுப்பு அடுக்கு தடித்திருந்தாலும், குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாலும் ஒலி அலை போய்ச் சேராது. ரிப்போர்ட்டில் "குடல்வால் தெரியவில்லை" என்று எழுதியிருந்தால், குடல்வால் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். வலி வலது பக்கம் அடியிலேயே நிலைத்து, காய்ச்சலும் வந்து, ரத்தத்தில் வெள்ளணுவும் கூடியிருந்தால் அடுத்த படம் வேண்டும்.

வெறும் வயிற்றோடு வா, சிறுநீர் முட்டும் வரை தண்ணீர் குடி என்பதெல்லாம் தேதி குறித்து வரும் ஸ்கேனுக்கு. அவசரத்தில் இருப்பதை வைத்துப் பார்ப்பார்கள். அறுவை வேண்டியிருக்கலாம் என்று தோன்றும் நோயாளிக்குச் சிறுநீர்ப் பை நிறைய வேண்டும் என்று ஒரு லிட்டர் தண்ணீர் கொடுப்பது மயக்க மருந்து கொடுப்பவருக்குச் சிக்கலை உண்டாக்கும்.

சி.டி.: எல்லாம் தெரியும், விலையும் உண்டு

1971இல் இங்கிலாந்தில் முதல் நோயாளியின் மூளையைப் படம் எடுத்த கருவி, இன்று சில நொடியில் நெஞ்சிலிருந்து இடுப்பு வரை மெல்லிய அடுக்குகளாக எடுத்துக் காட்டுகிறது. குடல்வால், குடலடைப்பு, ஓட்டை, சீழ்க்கட்டி, சிறுநீரகக் கல், ரத்தக்குழாய் வெடிப்பு என்று வயிற்றில் உயிரைப் பறிக்கும் எதையும் ஒரே தடவையில் பார்க்கலாம். பார்க்கும் கையைப் பொறுத்து மாறுவதும் குறைவு. இங்கே படம் எடுத்து வேறு ஊரில் இருக்கும் ரேடியாலஜிஸ்ட் உடனே படிக்க முடியும் என்பது நம் தாலுகா ஊர்களுக்குப் பெரிய வசதி.

கதிர்வீச்சுதான் இதற்குக் கொடுக்கும் விலை. வயிற்று சி.டி. ஒன்றுக்குச் சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் உலகில் ஒரு மனிதருக்கு ஓர் ஆண்டில் இயல்பாகக் கிடைப்பது சராசரியாக 2.4. ஆக, ஒரு சி.டி. மூன்று நான்கு ஆண்டுக் கதிர்வீச்சுக்குச் சமம். நெஞ்சு எக்ஸ்ரே என்றால் நூற்றுக்கும் மேல். எழுபது வயதில் இதை நினைத்துக் கவலைப்பட ஒன்றுமில்லை. பத்து வயதிலும் இருபது வயதிலும் கவலைப்படத்தான் வேண்டும். புற்றுநோய் வாய்ப்பு சிறிதளவே கூடுகிறது என்றாலும், அது வெளிப்பட இன்னும் ஐம்பது ஆண்டுகள் அந்தப் பிள்ளைக்கு இருக்கின்றன.

ரத்தக்குழாயும் உறுப்புகளும் படத்தில் எடுப்பாகத் தெரிவதற்காக நரம்பில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து அடுத்த விஷயம். ஊசி ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் இரும்பு ருசி வரும், சிறுநீர் தானாகப் போய்விட்டது போலத் தோன்றும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டால் பெரியவர்கள் பயந்து எழுந்துவிடுவார்கள், படம் கலைந்துவிடும். மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரை ஆகியவற்றைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சிறுநீரகக் கல்லுக்கு எடுக்கும் சி.டி.க்குக் கான்ட்ராஸ்ட் வேண்டாம்.

அல்ட்ராசவுண்ட், சி.டி. இரண்டில் எது முதலில் என்ற கேள்விக்கு என் மனதைத் தீர்த்து வைத்த ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது. திடீர் வயிற்று வலியோடு வந்த 1,021 பேரை வைத்துச் செய்து, 2009இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளியானது. எல்லோருக்கும் முதலில் அல்ட்ராசவுண்ட், அதில் ஒன்றும் தெரியாதவர்களுக்கும் சந்தேகமானவர்களுக்கும் மட்டும் சி.டி. என்ற வழியில், அவசர நோய்களில் தவறவிட்டது 6 சதவீதம்தான். சி.டி. தேவைப்பட்டவர்கள் சுமார் பாதிப்பேர். சாதாரண எக்ஸ்ரே கூடுதலாக ஒன்றும் தரவில்லை என்றும் கண்டார்கள். சிறுநீரகக் கல் சந்தேகத்தில் அமெரிக்காவின் 15 அவசரப் பிரிவுகளில் 2,759 பேரை வைத்து நடந்த ஆய்வும் 2014இல் இதே திசையைக் காட்டியது. அல்ட்ராசவுண்டில் தொடங்கியவர்களுக்குக் கதிர்வீச்சு குறைந்தது; ஆபத்தான நோயைத் தவறவிட்டு வந்த சிக்கல்கள் கூடவில்லை.

பள்ளிபாளையம் விசைத்தறியில் நின்று வேலை செய்பவரோ, திருப்பூர் பனியன் கம்பெனியில் அயர்ன் போடுபவரோ, வெயில் காலத்தில் போதிய தண்ணீர் குடிக்காமல் இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கும் வலியோடு வந்தால் அல்ட்ராசவுண்டும் சிறுநீர்ச் சோதனையும் முதலில் போதும். சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். காய்ச்சல் இருந்தாலோ, ஒற்றைச் சிறுநீரகம் என்றாலோ, வலி அடங்கவே இல்லை என்றாலோ குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் சாதா சி.டி.

கணைய அழற்சியில் வீட்டார் முதல் ராத்திரியே சி.டி. கேட்டு அழுத்துவார்கள். மேல் வயிற்று வலி முதுகுக்கு ஊடுருவி, ரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய நொதி உச்ச வரம்பைப் போல மூன்று மடங்கு தாண்டியிருந்தால் நோய் இன்னதென்று முடிவாகிவிட்டது. அன்றைக்குத் தேவை சலைன், வலி மருந்து, பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க ஓர் அல்ட்ராசவுண்ட். கணையம் எவ்வளவு அழுகியிருக்கிறது என்பது மூன்று நாள் போன பிறகுதான் சி.டி.யில் ஒழுங்காகத் தெரியும். வேறு நோயோ என்ற சந்தேகம் இருந்தால் ஒழிய முதல் நாளே எடுத்தால் காசும் கதிர்வீச்சும் வீண். நான்காம் நாள் மறுபடியும் எடுக்க வேண்டி வரலாம்.

அப்புச்சிக்கும் அம்முச்சிக்கும் வலி வந்தால்

அறுபது அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு மேலே சொன்ன வரிசையை மாற்றிப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வயதானவர்களின் வயிறு பொய் சொல்லும். உள்ளே குடல் ஓட்டையாகியிருந்தாலும் வயிறு இறுகாமல் இருக்கலாம். காய்ச்சல் வராமல் போகலாம். வெள்ளணு கூடாமல் இருக்கலாம். போதாததற்கு நம் பெரியவர்கள் வலியைச் சொல்லவே மாட்டார்கள். மஞ்சக் காட்டில் அறுபது வருஷம் குனிந்து நிமிர்ந்த உடம்பு அது. "அதொன்னுமில்லீங், ராத்திரி தின்னது சேரலீங்" என்று முடித்துவிடுவார்கள். அவர்கள் வாயிலிருந்து "தாங்க முடியலீங்" என்ற சொல் வந்தால் நான் பயந்துவிடுவேன். நீங்களும் பயப்படுங்கள்.

அவர்களிடம் நாம் தேடுவதும் வேறு நோய்கள். நாடித்துடிப்பு தாறுமாறாக இருப்பவருக்கு இதயத்தில் உறைந்த ரத்தக்கட்டி ஒன்று நழுவிப் போய்க் குடல் தமனியை அடைத்துவிடும். வலியில் துடிப்பார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் மெத்தென்று இருக்கும். இப்படி வலியும் வயிறும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதே இந்த நோயின் அடையாளம். சில மணி நேரத்தில் குடல் கறுத்துவிடும். அல்ட்ராசவுண்டில் "குடலில் காற்று அதிகம்" என்றுதான் ரிப்போர்ட் வரும். வீட்டார் அதைப் படித்து, "நாஞ் சொல்லல, வாயுதான்" என்று நிம்மதியாவார்கள். அந்த நிம்மதியில் போகும் மணி நேரங்கள்தான் உயிரை வாங்குகின்றன. இதற்குத் தேவை கான்ட்ராஸ்ட் ஏற்றி ரத்தக்குழாயைப் பார்க்கும் சி.டி. ஆஞ்சியோ, அதுவும் உடனே. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று சொல்லும் கிரியாட்டினின் ரிப்போர்ட் வரட்டும் என்று இந்தச் சந்தேகத்தில் காத்திருக்கக் கூடாது. சிறுநீரகத்துக்கு வரக்கூடிய கெடுதலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். செத்த குடலை மீட்க முடியாது.

பல வருஷம் பீடி குடித்த பெரியவருக்கு வாழ்நாளில் முதல் தடவையாகக் "கல்லு வலி" வந்தால், அது கல்லாக இல்லாமல் வயிற்றுப் பெருந்தமனி வீங்கிக் கசிவதாக இருக்கலாம். இடுப்பு வலி, ஒரு தடவை மயக்கம், ரத்த அழுத்தக் குறைவு மூன்றும் சேர்ந்தால் வேறு நினைப்பே வேண்டாம். படுக்கை அருகிலேயே அல்ட்ராசவுண்டில் தமனியின் அகலத்தைப் பார்த்துவிடலாம். 3 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் வீக்கம். அழுத்தம் நிலையாக இருந்தால் சி.டி. ஆஞ்சியோ. விழுந்துகொண்டே இருந்தால் சி.டி. அறைக்குத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது, நேரே அரங்குக்கு.

பிள்ளைகளும் கர்ப்பிணிகளும்

பிள்ளைகளுக்கு எப்போதும் அல்ட்ராசவுண்ட் முதலில். மெலிந்த வயிறு என்பதால் படமும் நன்றாக வரும். கைக்குழந்தை விட்டு விட்டுக் கால்களை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுது, நடுவில் சோர்ந்து கிடந்தால் குடல் செருகலாக இருக்கலாம். முழுக்கைச் சட்டையின் கையை உள்ளுக்குள் இழுத்துவிட்டது போலக் குடல் தனக்குள்ளேயே நுழைந்திருக்கும். அல்ட்ராசவுண்டில் வளையத்துக்குள் வளையமாகத் தெரியும். சீக்கிரம் வந்தால் ஆசனவாய் வழியாகக் காற்றையோ சலைனையோ செலுத்தி, கத்தி வைக்காமலே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். பத்துப் பதினைந்து வயதுப் பையன் அடிவயிறு வலிக்கிறது என்றால் விதைப்பையையும் பார்த்தாக வேண்டும். வெட்கத்தில் அவனாகச் சொல்ல மாட்டான். விதை முறுக்கிக்கொண்டால் ஆறு மணி நேரத்துக்குள் அரங்குக்குப் போக வேண்டும்; ராத்திரியில் டாப்ளர் ஸ்கேனுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று விடியும் வரை வைத்திருந்தால் விதை போய்விடும்.

கர்ப்பிணிக்கு முதலில் அல்ட்ராசவுண்ட், அதில் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. குடல்வால் சந்தேகத்தில் கான்ட்ராஸ்ட் இல்லாத எம்.ஆர்.ஐ. தாய்க்கும் பிள்ளைக்கும் கதிர்வீச்சே இல்லாமல் பதில் தரும். நிறைமாதத்தில் குடல்வால் இடம் பெயர்ந்து மேலே போயிருக்கும் என்பதால் அல்ட்ராசவுண்ட் தடுமாறும் இடமும் இதுதான். தாயின் உயிருக்கே ஆபத்து, எம்.ஆர்.ஐ. கிடைக்கவில்லை என்றால் சி.டி. எடுக்கத் தயங்கக் கூடாது. தாய் பிழைத்தால்தான் பிள்ளை.

வயிற்று வலிக்குத்தானே ஸ்கேன், ஆதார் அட்டை எதற்கு, கையெழுத்து எதற்கு என்று கர்ப்பிணியின் வீட்டார் சலித்துக்கொள்வதுண்டு. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, கர்ப்பிணிக்கு எந்தக் காரணத்துக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தாலும் படிவம் எஃப் நிரப்ப வேண்டும். பெண் குழந்தைகளைக் காப்பாற்ற 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மண் இது. அந்தப் படிவம் நம் பிள்ளைகளுக்கான காவல். ஒரு நிமிஷம் பொறுத்து நிரப்பிக் கொடுங்கள்.

கர்ப்பிணிகள் தவிர, திடீர் வலியில் எம்.ஆர்.ஐ.க்கு வேலை குறைவு. பித்தநாளத்தில் கல் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதில் அதற்கு நிகரில்லை. ஆனால் அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். பெரும்பாலும் மறுநாள் காலைக்கு ஒத்திவைக்கலாம்.

எங்கே போய் எடுப்பது

எந்தப் படம் என்பதை விட எந்த ஊரில் என்ற முடிவு சில சமயம் பெரியது. வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். தாளவாடிக்காரர்களுக்குத் திம்பத்தில் 27. கொல்லிமலையில் 70. பர்கூர் மலைக்காரர்களுக்கு அந்தியூர் வந்து சேர்வதே ஒரு பயணம். இங்கெல்லாம் கீழே இறங்கியதும் முதலில் கண்ணில் படும் ஸ்கேன் சென்டரில் நிறுத்தி, ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, பிறகு ஆஸ்பத்திரி தேடும் வழக்கம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். தனியாக இருக்கும் சென்டரில் நோயாளி மயங்கி விழுந்தால் பார்க்க ஆளில்லை. அங்கே எடுத்த படத்தை அடுத்த இடத்தில் ஏற்காமல் மறுபடியும் எடுக்கச் சொல்வதும் நடக்கிறது.

ஸ்கேன், சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ரத்த வங்கி நான்கும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடத்துக்கு நேரே போங்கள். 108இல் ஏறியதும் இதைக் கேளுங்கள்: ராத்திரி சி.டி.யும் அறுவையும் இரண்டும் நடக்கிற பக்கத்து ஆஸ்பத்திரி எது? கோவை அரசு மருத்துவக் கல்லூரி, பெருந்துறையில் இருக்கும் ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி, கரூர், திருப்பூர், நாமக்கல் கல்லூரிகள் என்று அரசு வாசல்கள் முன்பை விடப் பக்கத்தில் வந்துவிட்டன. அரசு மருத்துவமனைகளில் சி.டி. கட்டணம் வெளியை விட மிகக் குறைவு. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நோயாளி வேர்த்துக் கொட்டி, கை கால் சில்லிட்டு, நாடி ஓடிக்கொண்டிருந்தால் வழியில் எந்தப் படத்துக்கும் நிற்க வேண்டாம். இருக்கிற ஆஸ்பத்திரியில் ஒரு ஊசிவழியும் சலைனும் போட்டுக்கொண்டு கிளம்பலாம். ஏற்கெனவே எடுத்த படம் இருந்தால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. படத் தொகுப்பைக் குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். சர்ஜன் கண்ணால் பார்க்க வேண்டியது அதைத்தான்.

எல்லாப் படமும் எடுத்து ஒன்றும் தெரியாமல் வீடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் பெரும்பாலோர் தானாகவே சரியாகிவிடுவார்கள். ஆனாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடியும் ஒரு தடவை டாக்டர் கை வைத்துப் பார்க்க வேண்டும், வலி குறைந்திருந்தாலும். வீங்கிய குடல்வால் வெடித்த உடனே அழுத்தம் இறங்கி, சில மணி நேரம் வலி சட்டென்று தணியும். அந்த இடைவெளியில் நோயாளி காபி கேட்பார், வீடே சிரிக்கும். பிறகு காய்ச்சல் ஏறி, வயிறு முழுக்க வலி பரவி உப்பத் தொடங்கும். அப்போது புதிதாக எந்த ஸ்கேன் என்று யோசிக்காமல், முன்பு பார்த்த அதே ஆஸ்பத்திரிக்குப் பழைய படங்களோடு உடனே வர வேண்டும்.